கொபினாவின் இரண்டாம் பாதி

கொபினா கடலில் ஓடிக்கொண்டிருக்கிறான் என்ற செய்தியை இராயப்பன்துறைக்கு முதலில் கொண்டுவந்தது அமலோற்பவம் என்ற ஆழ்கடல் படகு. அதன் டிரைவர் கில்பர்ட் அதை ஒரு செய்தியாகக்கூடச் சொல்லவில்லை. சூரை மீன் நன்றாகப் பட்டது, ஐஸ் போதவில்லை, சமையல்காரனுக்குக் கையில் கட்டி வந்துவிட்டது, கொபினா நமக்கு வலப்பக்கமாகப் பந்தோடு மேற்கே போனான், டீசல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கால் கழுவக் குனிந்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெனோவா ஊற்றிக்கொண்டே இருந்தாள், அவர் கழுவி முடித்த பிறகும், குடம் காலியான பிறகும், ஏனென்றால் கொபினா செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது, அவனை ஜீப்பில் தூக்கிக் கிடத்திய கைகளில் அவளுடைய கையும் இருந்தது.

அவன் கானா நாட்டில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவன். கேரளாவில் மலப்புறத்தின் ஏழுபேர் கால்பந்தாட்டங்களில் ஆட வந்தவனை எங்கள் விடிவெள்ளி கிளப்பின் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் ஓர் ஈஸ்டர் கோப்பைக்காகப் பேசி அழைத்து வந்தார். வந்தவன் அடுத்த ஈஸ்டருக்கும் அதற்கடுத்த ஈஸ்டருக்கும் யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறி வந்தான். மரச்சீனிக் கிழங்கையும் நெத்திலிக் குழம்பையும் எங்களைவிட வேகமாகச் சாப்பிடுவான். கிழிந்த வலையைக் கண்டால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஊசியை வாங்கி முடியத் தொடங்கிவிடுவான், அவன் போடும் முடிச்சு எங்கள் முடிச்சைவிட ஒரு சுற்று கூடுதலாக இருக்கும், அந்த வலைகளில் வேறு எங்கு கிழிந்தாலும் அவன் முடிந்த இடம் கிழிவதில்லை. ஒருமுறை காலியாகக் கிடந்த கோலுக்கு வெளியே அவன் பந்தை அடித்தபோது, மீன் விற்கும் பிலோமி மைதானத்துக்குள் இறங்கிப்போய் அவன் தலையில் ஒரு கொட்டு வைத்தாள். அவன் சுவிசேஷத்தில் சொன்னபடி தலையின் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டினான், ஊரே சிரித்தது, அடுத்த நிமிடம் கோல் போட்டுவிட்டு அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஓடிவந்து மறுபடி தலையைக் குனித்து நின்றான். பிலோமி அந்தக் கதையைச் சொல்லாமல் மீன் எடை போடுவதில்லை.

ஆனால் எங்கள் ஆண்களில் பாதிப் பேருக்கு அவனைக் காதால்தான் தெரியும். ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் அங்கேயே கிடப்பார்கள், ஈஸ்டர் அவர்களுக்குத் தண்ணீரில்தான் வரும். கிளப்பின் மாடி அறையில் ஒரு வயர்லெஸ் பெட்டி இருக்கிறது. காற்று எப்படி, மீன் விலை என்ன, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது என்றெல்லாம் அதில் கடலுக்குச் சொல்வது ஜெனோவாவின் வேலை. அறையின் ஜன்னல் மைதானத்தைப் பார்த்திருந்ததால், ஆட்டம் நடக்கும் நாளில் ஆட்டத்தையும் அவளே சொல்லத் தொடங்கினாள், அவளைப்போல் சொல்ல ஆளில்லை. கரைக்குப் பக்கத்தில் கிடக்கும் படகுகள் அவள் குரலைக் கேட்கும். அவை கேட்டதை அதற்கப்பால் இருக்கும் படகுக்குச் சொல்லும், அந்தப் படகு அடுத்த படகுக்கு. கரையில் பந்து கோலுக்குள் விழுந்து, அதை எடுத்து, நடுவில் வைத்து மறுபடி உதைத்த பிறகுதான் தொலைவில் கிடக்கும் கடைசிப் படகில் அது கோலுக்குள் விழும். வழியில் ஒவ்வொருவனும் தன் பங்குக்கு ஒரு உதையைச் சேர்த்திருப்பான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில், கடலில் கிடக்கிறவனுக்குச் சாவு சொல்லக் கூடாது. பெற்ற தாயே செத்தாலும் மகன் கரையில் கால் வைத்த பிறகுதான் சொல்லுவோம், அதுவரை வயர்லெஸில் அவன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் இருக்கிறாள் என்போம். சாவைக் காதில் வாங்கியவன் கயிறு எங்கே போகிறது, கொக்கி எங்கே கிடக்கிறது என்று பார்க்க மாட்டான், அவனோடு இன்னும் இரண்டு பேர் போவார்கள். வயர்லெஸ் வருவதற்கு முன்பே இருந்த கட்டுப்பாடு இது, வந்த பிறகு இன்னும் இறுகியது.

மைதானம் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்கே இருப்பது கோயில் போஸ்ட், மேற்கே கடல் போஸ்ட். மூன்றாவது ஈஸ்டரின் இறுதி ஆட்டத்தில், பக்கத்து ஊரான செபத்தியார்புரத்துக்கு எதிராக, ஆளுக்கு ஒரு கோல் என்று இருந்தபோது, இரண்டாம் பாதியில், கோயில் போஸ்ட்டுக்குப் பக்கத்திலிருந்து கொபினா பந்தை எடுத்தான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், நடுக்கோட்டைக் கடந்து கடல் போஸ்ட்டை நோக்கிப் போனவன், பூட்ஸ் கயிறு கட்டப்போவதுபோல் முழங்காலிட்டு, அப்படியே பக்கவாட்டில் படுத்துக்கொண்டான். அவன்மீது யாரும் மோதவில்லை. ஜெனோவா ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். மைக் அவள் கையில் இருந்தது, "கொபினா போறான்" என்று அப்போதுதான் சொல்லியிருந்தாள், அதற்கு அடுத்து என்ன என்று கடல் காத்துக்கொண்டிருந்தது. அவன் படுத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "போறான்… போறான்… ஒருத்தனுக்கும் பிடி குடுக்கல… கடல் போஸ்ட்டப் பாத்துப் போறான்," என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் அடங்கிவிட்டான். பெட்டியில் வைத்து, கிளப்பின் மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டு மேலே விரித்து, விமானத்தில் அவன் ஊருக்கு அனுப்பினோம். கோல் விழுந்ததா என்று கடலிலிருந்து கேட்டபோது, வயர்லெஸ் பெட்டி நடுவில் பழுதாகிவிட்டது என்று ஜெனோவா சொன்னாள். பிறகு காற்றைச் சொன்னாள், விலையைச் சொன்னாள். அந்த ஆட்டத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, பேசச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

கால் கழுவி முடித்த கில்பர்ட்டிடம் அன்று அவள் நடந்ததைச் சொன்னாள். கரையில் கால் வைத்துவிட்டவருக்குச் சொல்லலாம்தானே.

அவர் சிரித்தார். "எட்டி, ஒனக்கு ஆளு மாறிப்போச்சு."

"நான் தூக்கினேங்க."

"நான் பாத்தேன்."

"ஜீப்புல என் மடியிலதான் அவன் தல இருந்துது."

"போன செவ்வாக்கெழம எனக்கு வலது கைப்பக்கம், அந்தா அந்தத் தென்னமரம் நிக்கிற தூரம். மஞ்சச் சட்ட. வெள்ளாட்டுக்குட்டி மாதிரி அலைக்கு மேல அலைக்கு மேல கால வச்சிப் போறான். கையக் காட்டினேன், திரும்பிப் பாக்கல. ஆட்டத்துல இருக்கவன் எப்படித் திரும்பிப் பாப்பான்?" பிறகு குரலைத் தணித்து, "ஒண்ணுதான் எனக்கு ஒரு மாதிரியா இருந்துது. அவன் மூச்சு வாங்கவே இல்லட்டி," என்றார்.

அடுத்தடுத்து வந்த படகுகளும் இதையே சொல்லின. ஒரு படகுக்கு இடப்பக்கமாகப் போனான், ஒரு படகுக்கு முன்னால் குறுக்கே போனான், சட்டை மஞ்சள்தான், பந்து காலிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் விலகுவதில்லை, மேற்கே போகிறான். நாங்கள் முதலில் அவர்களுக்கு எடுத்துச் சொன்னோம், பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டோம், பிறகு எங்களை அறியாமலே படகு வந்ததும் "கொபினா எங்க நிக்கான்?" என்று கேட்கத் தொடங்கினோம். பங்குச்சாமியார் அருட்திரு சேசுராஜ் அவனுக்காக ஒரு இறந்தோர் பூசை வைக்க நாள் குறித்தார். அவனைப் போன வாரம் பார்த்தவர்கள் எப்படி அந்தப் பூசையில் முழங்காலிடுவார்கள் என்று பெண்கள் கேட்டதும் அதைப் பொதுவாக எல்லா ஆன்மாக்களுக்கும் என்று மாற்றிவிட்டார். அவன் ஓடும் வழியில் மீன் கூட்டமாக நின்றது. மீன் வாங்க வரும் வியாபாரிகள், வாட்சைப் பார்ப்பதுபோல் சாதாரணமாக, இந்த முறை அவன் வலமா இடமா என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசினார்கள்.

செபத்தியார்புரத்துக்காரர்களும் பார்த்தார்கள். அவர்களுக்கு அது வேறு கவலை. இறுதி ஆட்டம் பாதியில் நின்றதால் கோப்பை இருவருக்கும் பொது என்று முடிவாகியிருந்தது. இப்போது கொபினா கடலில் ஓடுகிறான் என்றால் ஆட்டம் முடியவில்லை, முடியவில்லை என்றால் அவன் கோல் போடலாம், போட்டுவிட்டால் கோப்பை போய்விடும். அவர்களுடைய படகுகள் அவனை முந்திப்போய்க் குறுக்கே நிற்கப் பார்த்தன. அவன் நின்ற படகைச் சுற்றிப் போனான், வருகிற படகுக்கு அடியில் பந்தைத் தள்ளி மறுபக்கம் எடுத்தான் என்றார்கள். கரையில் இதைக் கேட்டுக் கைதட்டியவர்களும் உண்டு. கைதட்டிவிட்டுக் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஏனென்றால் கரையில் இருந்த எங்களுக்குப் பயம். கடல்காரர்களுக்கு அவன் ஓடுகிறவன், எங்களுக்கு அவன் படுத்தவன். அவன் விழுந்த இடத்தில் புல் முளைத்தபோது அதன்மேல் யாரும் நடக்கவில்லை. பிள்ளைகள் மைதானத்தில் முதல் பாதி மட்டும் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. வயர்லெஸ் அறைக்குப் பக்கத்தில் அவன் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் குரல் தானாகத் தாழ்ந்தது, பெட்டி அணைத்திருந்தாலும். பிலோமி தலையில் கொட்டிய கதையைச் சொல்வதை விட்டுவிட்டாள், யாராவது கேட்டால், "அத விடு, சாளை வேணுமா வேண்டாமா?" என்பாள்.

ஜெனோவாவின் பயம் இன்னும் குறிப்பானது. அவன் எங்கே போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். கடல் போஸ்ட்டைப் பார்த்துப் போகிறான் என்று சொல்லி விட்டவள் அவள்தான். மைதானத்தில் அவன் விழுந்த இடத்திலிருந்து அந்த போஸ்ட் முப்பதடிக்குள் இருந்தது, ஆனால் அவள் மைக்கில் தூரம் எதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் படகுகள் முன்பைவிடத் தொலைவிலிருந்து வந்தன. ஐஸ் கரைந்து, மீன் பாதி கெட்டு, டீசல் அடியில் வறண்டு, ஒன்றையொன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தன, வந்தவர்கள் உடனே மறுபடி போகத் துடித்தார்கள்.

"இந்த மட்டம் அவன் பின்னால போவாதீங்க," என்று அவள் அமலோற்பவம் அடுத்த முறை கிளம்புவதற்கு முந்தைய பகலில் கில்பர்ட்டுக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நான் மீன் பின்னால போறேன். மீன் அவன் பின்னால போவுது."

"பொய் சொல்லாதீங்க."

கில்பர்ட் சாப்பிடுவதை நிறுத்தினார். "மூணு ஈஸ்டர் நான் அவன ஒன் வாயிலதான் கேட்டேன். ஒரு ஆட்டம் கண்ணால பாக்கக் குடுத்து வைக்கல. இப்ப எனக்கு முன்னால ஓடுதான். அவன் கோல் போடுறத ஒரு மட்டம் பாத்திட்டு வந்திருவேன். அதுக்குப் பொறவு நீ சொல்லுத கரைவலைக்கே போறேன்."

அமலோற்பவம் போயிற்று. போனதிலிருந்து ஒவ்வொரு நாளும் அதன் பேச்சு இன்னும் ஒரு படகு கூடுதலாகக் கடந்து வந்து சேர்ந்தது. ஒருநாள் மத்தியானம், கஞ்சி நேரத்தில், கடைசியாகக் காதுகேட்கும் தூரத்தில் நின்ற படகிலிருந்து, படகு படகாகக் கைமாறி, ஒரு செய்தி வந்தது. ஜெனோவா அதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். "அமலோற்பவம் டிரைவர் சொல்றாரு, போஸ்ட் தெரியுதாம். கடலுக்கு நடுவுல வெள்ளையா நிக்காம். வலையும் கட்டிக் கெடக்காம். வலைக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லியாம், தண்ணியும் இல்லியாம், வானமும் இல்லியாம். கொபினா கிட்டப் போயிட்டானாம். இன்னும் கொஞ்ச தூரந்தானாம்."

அந்தச் செய்தி மாடியிலிருந்து தெருவுக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, அடுப்பை அணைக்காமலே பெண்கள் வந்து சேர்ந்தார்கள், அறை நிறைந்து படிகள் நிறைந்து மைதானத்தின் ஓரம்வரை நின்றோம். அமலோற்பவத்தில் ஸ்தனிஸ்லாஸின் தம்பியும் இருந்தான். மற்றப் படகுகளும், எங்களுடையவையும் செபத்தியார்புரத்தாருடையவையும், கோல் விழுவதைப் பார்க்க அதே திசையில் போய்க்கொண்டிருந்தன.

சாமியார் மைக்கை வாங்கினார். தெளிவாக, "அன்பான மக்களே, கொபினா இறந்துவிட்டான், அவன் ஓடவில்லை, திரும்பி வாருங்கள்," என்றார். முதல் படகிலிருந்து பட்டனை அழுத்தி விடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு குரல், மிகவும் மரியாதையாக, "ஃபாதர், சாவ நாங்க தாண்டிச் சொல்ல மாட்டோம்," என்றது.

"விசில் ஊதிரு," என்றார் ஸ்தனிஸ்லாஸ் ஜெனோவாவிடம். "ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லு. முடிஞ்சா அவன் நின்னுருவான்."

"எங்க நிப்பான்?" என்று பிலோமி கேட்டாள். "ஓடுறதுனாலதான் அவன் தண்ணிக்கு மேல நிக்கான். நின்னா தாழ்ந்திர மாட்டானா? ஒருத்தன் தாழ்ந்த எடத்த விட்டு நம்ம ஆளுவ எவனாவது வந்திருக்கானா? தேடிக்கிட்டே கெடப்பானுவ. குடிதண்ணி தீர்ற வரைக்கும் தேடுவானுவ."

அது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். ஜெனோவா ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மேற்கே கடல் போஸ்ட்டை, பிறகு தலையைத் திருப்பிக் கிழக்கே.

"திருப்பிருவோம்," என்றாள்.

"யார?"

"கொபினாவ. கோயில் போஸ்ட்டுக்கு."

ஸ்தனிஸ்லாஸுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவர் முகம் அடிவாங்கியதுபோல் ஆயிற்று. "சேம்சைடு கோலா? கொபினாவா? நம்ம வாயால அதச் சொல்லவா?"

"ஆமா."

"நாளைக்குச் சின்னப் பிள்ளைங்க அவன என்னான்னு சொல்லும்? தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணினான்னு சொல்லும். செபத்தியார்புரத்துக்காரன் பாட்டுக் கட்டிருவான். அவன் நமக்கு என்ன கொறை வச்சான்?"

"ஒங்க தம்பி வேணுமா, கொபினா பேரு வேணுமா, சொல்லித் தொலைங்கவே," என்றாள் பிலோமி.

ஸ்தனிஸ்லாஸ் தரையில் உட்கார்ந்தார். ஜெனோவா அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மைக்கை எடுத்து, பேசும் முன் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இரண்டாம் பாதி நடந்துக்கிட்டிருக்கு," என்று தொடங்கினாள், இத்தனை மாதம் பேசாமல் இருந்தவள்போல் இல்லாமல், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்பவள்போல, "கொபினா பந்தோட போறான், கடல் போஸ்ட்ட நெருங்கிட்டான், முன்னால ஆளே இல்ல, அடிக்கப் போறான், அடிக்கல, பந்த மிதிச்சி நிறுத்துதான், என்ன நெனச்சானோ தெரியல, திரும்புதான், கொபினா திரும்பிட்டான், வந்த வழியே வாரான், நம்ம போஸ்ட்டப் பாத்து வாரான்."

எங்கள் படகுகளிலிருந்து உடனே குரல்கள் வந்தன. "எக்கா, வாய்க்கு வந்தத சொல்லாத." "எட்டி, கிறுக்கு பிடிச்சிப்போச்சா?" "இத நாங்க தாண்டிச் சொல்ல மாட்டோம்." ஒன்று அவளை எழுதவோ சொல்லவோ முடியாத வார்த்தையால் திட்டியது. அவள் நிறுத்தவில்லை. ஆனால் சொன்னது எங்கள் படகுகளின் வரிசையில் முட்டி நின்றது, அதற்கப்பால் போகவில்லை, மேற்கே கொபினா இன்னும் அந்த வெள்ளை போஸ்ட்டை நெருங்கிக்கொண்டிருந்தான், அவன் பின்னால் அமலோற்பவம் போய்க்கொண்டிருந்தது. அறையில் ஒரு பெண் மூச்சுவிடாமல் செபமாலை சொன்னாள். அப்போதுதான் பெட்டியில் ஒரு புதிய குரல் வெடித்தது, செபத்தியார்புரத்துக் குரல், சிரிப்பில் வார்த்தை உடைய: "லேய் கேட்டியளாலே! கொபினா சேம்சைடு போடப் போறான்லே! எல்லாப் பயலுக்கும் சொல்லுங்கலே!"

சொன்னார்கள். எங்கள் படகுகள் அடைத்த வழியை அவர்களுடைய படகுகள் திறந்தன, ஒவ்வொருவனும் தன் பங்குக்கு ஒரு கூச்சலைச் சேர்த்து அடுத்தவனுக்குக் கொடுத்தான், அது போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, அதற்குப் பிறகு நீண்ட நேரம் பெட்டியில் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு படகு படகாகக் கைமாறி, கில்பர்ட்டின் சொல் வந்தது. எத்தனை வாய் மாறியும் அதன் கோபம் குறையவில்லை. "திரும்பிட்டான் அந்த நாயி. விட மாட்டேன். நம்ம போஸ்ட்ட அவன் தொட முன்னால நான் அங்க நிப்பேன்."

ஜெனோவா அழுதாள், அழுதுகொண்டே சொன்னாள். அன்றும் மறுநாளும் அவள் சொல்வதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவன் நிற்பான் என்ற பயத்தில். தொண்டை கட்டியபோது பிலோமி கருப்பட்டிக் காப்பியைக் கரண்டியால் ஊற்றினாள், கண் சொருகியபோது மற்றப் பெண்கள் அவள் சொல்வதைப்போலவே சொல்லிச் சற்று நேரம் ஈடுகொடுத்தார்கள். அவன் வந்துகொண்டிருந்தான். அவன் பின்னால், அவனைத் தடுக்க, எல்லாப் படகுகளும் வந்தன. இப்போதுதான் எங்களுக்கு இன்னொன்று உறைத்தது: படகுகள் வர வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தோம், அவனும் வருவான் என்பதை நினைக்கவில்லை. அவனைத் தூக்கியவர்கள், அவன் கண்ணை மூடியவர்கள், அவனுக்குப் பெட்டி அடித்தவர்கள் எல்லோரும் கரையில் இருந்தோம். பிள்ளைகளைக் கோயிலுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். நாங்களும் உள்ளே போயிருப்போம், ஆனால் எங்கள் ஆட்கள் வருகிறார்களே.

மாலை வெயிலில் முதலில் படகுகள் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால், நுரைக்கு மேலே, ஒரு மஞ்சள் புள்ளி. அது கரைக்கு வந்தது. கடல் போஸ்ட்டைப் பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தான். அவன் உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நாங்கள் இஸ்திரி போட்டு விரித்த சட்டை, மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. மூச்சு வாங்கவில்லை. எங்களில் யாரையும் பார்க்கவில்லை. பந்து அவன் காலில் பட்டபோது சத்தம் வரவில்லை, அதுதான் எங்களால் தாங்க முடியாததாக இருந்தது.

"மெல்ல வாரான்," என்றாள் ஜெனோவா ஜன்னலிலிருந்து, "பந்த நிறுத்தி நிறுத்தி மெல்ல வாரான்," அவன் மெல்ல வந்தான். அதற்குள் படகுகள் நங்கூரம் போடாமலே மணலில் ஏறின, ஆட்கள் அலையில் குதித்து எழுந்து மைதானத்தின் ஓரமாக ஓடினார்கள். தாடியும் உப்புமாக, உதடு வெடித்து, கில்பர்ட் கோயில் போஸ்ட்டுக்கு முன்னால் போய் நின்று கைகளை விரித்தார். ஜெனோவா அவர் முகத்தைப் பார்த்தாள். இருபது வருடத்தில் அந்த முகத்தில் அவள் பார்க்காத வெறுப்பு அதில் இருந்தது, அதை அங்கே வைத்தவள் அவள்தான்.

கொபினா புல் முளைத்த இடத்தைத் தாண்டினான், நடுக்கோட்டைத் தாண்டினான், கில்பர்ட்டுக்கு நேராக வந்தான். எங்கள் ஆட்கள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். கடலில் ஒரு படகு இல்லை. இனி அவன் கோல் போட வேண்டிய தேவை இல்லை, ஆனால் அவன் ஓடிக்கொண்டிருந்தான், அவள் வாயை எதிர்பார்த்து.

"அடிச்சான்," என்றாள். பிறகு, கணவனின் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாதவள், ஆட்டக்காரனைச் சொல்வதுபோல், "கில்பர்ட் பிடிச்சிட்டான்!" என்றாள். "பந்து கில்பர்ட் கையில. ஆட்டம் முடிஞ்சுது. ஆட்டம் முடிஞ்சுது."

கொபினா நின்றான். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தான், அப்போதுதான் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது, அவ்வளவு நாள் ஓடிய மூச்சும் சேர்ந்து வாங்கியது, அந்தச் சத்தம் கோயிலுக்குள் இருந்த பிள்ளைகளுக்கும் கேட்டது. பிறகு பக்கவாட்டில் படுத்துக்கொண்டான்.

யாரும் கிட்டப் போகவில்லை. ஜெனோவா மட்டும் படியிறங்கி, அவனைச் சுற்றிக்கொண்டு, கில்பர்ட்டிடம் போனாள். அவர் பந்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். விரல்கள் நீலமாக இருந்தன.

"ஐஸ் மாதிரி இருக்குட்டி," என்றார்.

"கீழ வைங்க."

"வச்சா அவன் எந்திரிப்பான்."

"ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."

"நீ சொன்னத வச்சி என்ன செய்ய? அவன் ஓடுறான்னும் நீதான் சொன்ன."

அவர் படுத்திருந்தவனைப் பார்த்தார், வெறுப்பு போய், கூடவே எல்லாம் போய், வெறும் களைப்பு மட்டும் இருந்த முகத்தோடு. "எப்ப செத்தான்ட்டி?" என்று கேட்டார்.

"போன ஈஸ்டருக்கு. நான் உங்ககிட்டச் சொன்னேன்."

"நான் காதுல வாங்கல," என்றார்.

அவள் தன் கைகளையும் பந்துக்கு அடியில் கொடுத்தாள். இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், பக்கவாட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, அது தரையில் பட்டுவிடாமல். கோயிலைச் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்கு. சாமியார் முன்னால் போனார், ஸ்தனிஸ்லாஸ் மண்வெட்டி எடுத்துவந்தார், படகிலிருந்து வந்தவர்கள் ஈரத்தோடு பின்னால் வந்தார்கள், செபத்தியார்புரத்துக்காரர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். குழி வெட்டும்வரை இருவரும் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு குழியின் ஓரத்தில் முழங்காலிட்டு, தோள்வரை உள்ளே குனிந்து, அதை இறக்கினார்கள். இருவருடைய கைகளும் உள்ளே இருந்தன.

"நீ கைய எடு," என்றார் கில்பர்ட்.

"நீங்க எடுங்க."

"நீ எடுட்டி. எனக்குப் பயமா இருக்கு."

அவள் எடுத்தாள். அவர் எடுத்தார். ஸ்தனிஸ்லாஸ் முதல் மண்ணைத் தள்ளினார், பிறகு பிலோமி, பிறகு நாங்கள் எல்லோரும், கையால், காலால், அவசரமாக. எங்களுக்குப் பின்னால், கொபினா படுத்துக்கொண்ட மைதானம் இருந்தது. குழி மூடி, மேடாகி, சாமியார் கடைசி செபத்தைச் சொல்லி முடித்த பிறகும் எங்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.